முதலில் கூப்பிட்டவர்

அன்று பிற்பகல் அந்த அறையில் இருந்தவர்கள்: அவசர அழைப்புகளை எடுக்கும் அக்கா, நான், ஓடாத ஏசி ஒன்று. மேலாளர், என் புது நிரலைப் பார்க்க வந்த விருந்தினர்களை அழைத்துவரக் கீழே போயிருந்தார்.

அந்த ஏசியைப் பற்றி நான்தான் புகார் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை அவசரத்தின்படி வரிசைப்படுத்தும் கணினி நிரல் என் பொறுப்பு. வரிசையில் மேலே இருப்பவருக்கே வண்டி போகும். கையால் மாற்ற மேலாளரின் கடவுச்சொல் வேண்டும். பழைய நிரல் சரியான ஆமை. ஆனால் இருவருக்கு ஒரே அளவு அவசரம் என்றால், முதலில் கூப்பிட்டவரை முதலிலேயே வைக்கும். நான் எழுதியது கண்ணிமைக்கும் நேரத்தில் அடுக்கும். சமமானவர்கள் சேர்ந்தால் மட்டும், முதலில் வந்தவரைத் தூக்கிக் கடைசியில் போடும். புது அழைப்பு வரும்போதெல்லாம் அவரையே மறுபடி கடைசிக்குத் தள்ளும். சோதனையிலேயே பார்த்துவிட்டேன். கூப்பிட்ட நேரத்தையும் ஒப்பிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். சரியானது. வேகம் கொஞ்சம் குறைந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

படிப்பை விட்டவன் என்பதால் மேலாளர் என்னை "பாதியில நின்ன வண்டி" என்பார். விருந்தினர்களுக்கு வேகத்தைக் காட்டப்போவது அந்த வண்டிதான்.

குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஒரு தாய் கூப்பிட்டாள். அடுத்த நொடியே நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்த செய்தி. அழைப்புகள் கொட்டின. எல்லாம் ஒரே அவசரம்.

"தம்பி, அந்தப் பிள்ளை கேஸ் அடியிலயே கிடக்கு. அதுதானே முதல்ல வந்துச்சு?"

"மெஷின் பார்த்துக்கும்க்கா."

"என்னத்தப் பார்க்குது? கீழ கீழ தள்ளுது. அந்தம்மா லைன்லயே இருக்கா. வண்டி வருது வருதுன்னு நான் எவ்வளவு நேரம் பொய் சொல்றது?"

எடுத்த வரியைத் திரும்பச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் இப்போது சேர்த்தால், முன்பே ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்வி வரும். வேகத்தைக் காட்டி முடித்ததும் சேர்க்கலாம் என்றிருந்தேன்.

அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பிள்ளை இழுக்குற சத்தம் நின்னுடுச்சு தம்பி."

அக்கா ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலாளரைக் கூட்டிவர ஓடினாள்.

அவர்கள் வந்து பார்க்கும்போது குழந்தை முதலிடத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் அக்காவின் கண் தவறியிருக்கும், பாவம், வெயில் வேறு. தவறு தெரிந்தவுடன் நான் திருத்திவிட்டேன், அதையும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவில் யாரும் வரக்கூடாது என்று, அவள் போன கையோடு எழுந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.