முரோதோ ஃபுசாயேயின் ஒன்பது வினாடிகள்

மேடையில் வீற்றிருக்கும் படநிறுவனத் தலைவர் இகராஷி அவர்களே, படத்தொகுப்பாளர் சங்கத்தாரே, நெரிமாவின் இந்த மழையில் நனைந்து அஞ்சலி செலுத்த வந்திருக்கும் ரசிகர்களே,

எனக்கு முன் பேசிய மூவரும் முரோதோ ஃபுசாயே அவர்களை என் கணவரின் வலக்கை என்றார்கள். திருத்திக்கொள்ளுங்கள். ‘இரும்புக்குள் மழை’ திரைப்படத்தை என் கணவர் குசுமி உருவாக்கவில்லை. உருவாக்கியவர் ஃபுசாயே. குசுமியின் மனைவி நான் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் வந்த அனிமேஷன் தொடர் என் கணவருடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தொடர் முடிந்து மூன்று ஆண்டு கழித்து, இருபத்தாறு வாரக் கதையை இரண்டு மணி நேரப் படமாக்க நிறுவனம் முடிவெடுத்தபோது அவர் மருத்துவமனையில் கிடந்தார். எழுபத்தெட்டு நாள் தொகுப்பறையில் உட்கார்ந்தவர் யார்? ஃபுசாயே. போர்க்காட்சிகளில் பாதியை வெட்டி எறிந்தவர் யார்? ஃபுசாயே! தயாரிப்பாளர் அறைக்குள் வந்து கத்தினார்.

“ஏம்மா, ரோபோ படத்துல ரோபோவ எங்க காணோம்? பொம்மை விக்கிறவன் என் சட்டையப் பிடிப்பான்!”

“பையன் இன்னும் அதுக்குள்ளயே உக்காந்திருக்கான், சார். அவன் மொதல்ல வெளிய வரட்டும்.”

அந்தப் பையனை நீங்கள் அறிவீர்கள். போர் முடிந்தும் அவன் இயந்திரத்தின் நெஞ்சை விட்டு இறங்கமாட்டான். கீழே நின்று தாய் கூப்பிடுவாள். தொடருக்காக அந்தக் குரலைப் பதிவுசெய்த நாளில், வழக்கம்போல, படங்கள் வரைந்து முடியவில்லை. வெள்ளைத் திரையில் வண்ணக் கோடுகள் மட்டும் ஓடின. தன் கோடு தெரியும்போது நடிகர் பேச வேண்டும். பையனுக்குச் சிவப்பு. அன்று உதவியாளராக இருந்த ஃபுசாயே அந்தச் சிவப்புக் கோட்டை ஒன்பது வினாடி தள்ளிப் போட்டுவிட்டார். பையனுக்குக் குரல் கொடுத்த பெண் கோட்டுக்காகக் காத்திருந்தாள். தாய் மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. என் கணவர் திட்டிவிட்டு மறுபடி பதிவுசெய்தார். தொடரில் பையன் முதல் அழைப்புக்கே பதில் சொல்கிறான்.

வீணான ஒலிநாடாவை ஃபுசாயே எறியவில்லை. படத்தில் நீங்கள் கேட்பது அதைத்தான். அந்த இடத்தில் அழாதவர் இங்கே எத்தனை பேர்? அதற்காக என் வீட்டுக்கு வந்து, என் கணவரின் புகைப்படத்துக்கு முன் வணங்கிப் போனவர்கள் எத்தனை பேர்!

அவர் அந்தப் படத்தை ஒரே ஒரு முறை, சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். “இது என் படமில்ல. ஃபுசாயே பேரப் போடச் சொல்லு” என்றார் என்னிடம். அவர் கண்மூடிய பின் நிறுவனத்திலிருந்து வந்தவரோ, “முரோதோன்னா யாருக்குங்கம்மா தெரியும்? குசுமின்னு இருந்தாத்தான் கூட்டம் வரும்” என்றார். நான் என்ன செய்தேன்? குசுமி என்றே இருக்கட்டும் என்று ஒப்புதல் தாளில் என் பெயர் முத்திரை வைத்தேன். ஃபுசாயேயிடம் சொன்னபோது அவர் குனிந்து வணங்கி, “அதுதாங்கம்மா சரி” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண், இயக்குநரின் மனைவிக்கு முன்னால், வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

யோகொஹாமா மடத்துப் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன கன்னியாஸ்திரீகள், பொய்யை வேறு பெயரில் அழைக்க விடமாட்டார்கள். நான் இருபத்துநான்கு ஆண்டுகள் அதை ‘ஏற்பாடு’ என்று அழைத்தேன். அது பொய். கணவரின் கடைசி விருப்பத்தை மீறிய பொய்.

வரும் இலையுதிர்காலத்தில் நிறுவனத்தார் நீங்கள் அந்தப் படத்தை மீண்டும் வெளியிடுகிறீர்கள். அதன் முகப்பில் ‘இயக்கம்: முரோதோ ஃபுசாயே’ என்று இருக்க வேண்டும். தொடரில் என் கணவர் பெயர் இருக்கிறது. அது அவருக்குப் போதும். என் ஒப்புதலை முத்திரையிட்டு இந்த மேடைமேல் வைக்கிறேன். என் மூச்சு உள்ளவரை இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தலைவர் அவர்களே, தொலைபேசி வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். ஃபுசாயே இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குள் உங்கள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.