அம்மாபேட்டைத் துண்டு

வாசலிலேயே துண்டை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார்களே என்று சங்கடப்படாதீர்கள், தங்கமுத்தண்ணே. எங்கள் பட்டறையில் முதலாளி வந்தாலும் அதே கதைதான். காபி சொல்லியிருக்கிறேன். குடித்துவிட்டு மிஷினைப் பார்ப்போம்.

ஆத்தூரிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் மரப் பட்டறையிலும் இதே சாய்வெட்டு மிஷினை வாங்கிப் போட்டீர்கள், போட்ட பிறகு இரண்டு பேருக்கு விரல் போயிற்று என்றீர்கள். இங்கே நாமக்கல்லிலும் அப்படித்தான். லாரிக்குப் பாடி கட்டுகிற எந்தப் பட்டறைக்குள் வேண்டுமானாலும் நுழைந்து கையை நீட்டச் சொல்லுங்கள். பத்து விரலும் இருக்கிறவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "அர்த்தநாரி மேஸ்திரி, உங்க பட்டறையில மட்டும் எப்படிங்க ஒருத்தனுக்கும் கீறல்கூட விழறதில்ல?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் எதையும் மூடி வைக்கிற ஆள் இல்லை.

மிஷினைக் குறை சொல்லாதீர்கள். அது சாது. மேசையைத் திருப்பினால் ஒரு கோணம், தலையைச் சாய்த்தால் இன்னொரு கோணம், கைப்பிடியை இறக்கினால் வெட்டு. லாரி கேபினின் நெற்றியில் இரண்டு சாய்வு சந்திக்கிற மூலை இருக்கிறதே, கைரம்பத்தில் அறுத்தால் அரை நாள் இழைத்துச் சேர்க்க வேண்டும். இது ஒரே இறக்கில் முடித்துவிடும். மெட்ராஸ் துறைமுக ஏலத்தில் எடுத்து வந்த அன்றே எங்கள் முதலாளி அப்புசாமி அதை என் பொறுப்பில் விட்டார். நான்தான் அதற்கு விதி வகுத்தேன்.

பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வைக்க வேண்டும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பிளேடு நேராக நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். மரத்தை இறுக்கியில் பூட்ட வேண்டும், கையால் பிடிக்கக் கூடாது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் பிளேடுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண். பிளேடின் மேல் இருக்கிற மூடியைக் கழற்றவே கூடாது. பிளேடு முழு வேகம் பிடித்த பிறகுதான் மரத்தில் இறக்க வேண்டும், நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். தூணில் இருக்கிற மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஏனென்றால் பயந்த கை பிடியை விடாது, இன்னும் இறுக்கும். விசை கைப்பிடியிலேயே இருக்கிறது, இறுக்கினால் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் துண்டு. தோளில், தலையில், இடுப்பில், எங்கேயும் கூடாது. ஆணியில்.

விதி இவ்வளவுதான். உங்களிடமும் இதெல்லாம் இருக்கும். இருந்தும் விரல் போகிறது அல்லவா? அங்கேதான் விஷயம்.

உங்கள் துண்டை வாங்கி மாட்டினானே, ஒற்றைக் கைக்காரன், அவன் பெயர் சின்னண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம். கை போவதற்கு முன்னால் நல்ல ஆசாரி. மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். அவன் வந்த பிறகு பட்டறையில் ஒரே சிரிப்பு. டீ நேரத்தில் ஒரு பலகைமேல் ஏறி நின்று, என் குரலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவான்.

"கைக்கும் பிளேடுக்கும் ஒரு சாண் இருக்கோணும். துண்டு ஆணியில இருக்கோணும். நெனப்பு மரத்து மேல இருக்கோணும், பொண்டாட்டிய நெனைக்கப்படாது. ஆமாஞ் சாமி."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் 'பத்திய மேஸ்திரி' என்று பேர் வைத்ததும் அவன்தான். ஒருநாள் முதலாளியும் நின்று பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். எரிந்தது உண்மை. ஆனால் எனக்காக இல்லை, விதிக்காக.

முதலாளியிடம் போய், சின்னண்ணன் அசட்டையான ஆள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வினை வரும் என்று சொன்னேன்.

"ஏன் அர்த்தநாரி, அவன் ஒரு நாளாச்சும் மூடியக் கழட்டி வெட்டி நீ பாத்திருக்கறயா? துண்டு போட்டுட்டு மிசுன்கிட்ட வந்திருக்கறானா?"

பார்த்ததில்லை. அவன் எல்லா விதியையும் கடைப்பிடித்தான். ஆனால் சிரித்துக்கொண்டே கடைப்பிடித்தான். அது எப்படி விதி ஆகும்? அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். இன்று சிரிப்பவன் நாளைக்கு மூடியைக் கழற்றுவான். இதை நான் முதலாளிக்குப் புரிய வைக்க முடியவில்லை. படிக்காத மனிதர் இல்லை, ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். பட்டறையில் ஒருவனும் நம்பவில்லை. அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

எண்பத்தாறாம் வருஷத்து ஆயுத பூஜை நெருங்கியது. எங்கள் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பூஜையன்று மிஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். அன்று முழுக்க அதைத் தொடுவதில்லை. மறுநாள் காலையில் குடும்பத்தோடு எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் ஒருவர் முதல் வெட்டுப் போடுவார். வெட்டுகிறவருக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்வோம், அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் மிஷினுக்குப் போவார். ஒவ்வொரு வருஷமும் முதல் வெட்டு என்னுடையது. அந்த வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ சின்னண்ணன் போடட்டும் அர்த்தநாரி. பசங்க ஆசப்படறாங்க. ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்னங்க. நானே அவனுக்குத் துண்டு போத்தி உடறனுங்க," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். பெரிய மனசு என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

புதுப் பிளேடு வாங்கச் சேலம் போனவன் அப்படியே அம்மாபேட்டைக்கும் போனேன். மில் துண்டு இழுத்தால் கிழிந்துவிடும், தறித் துண்டு கிழியாது. செங்கோடன் என்று ஒரு நெசவுக்காரர், நீளமாக, இரண்டு பக்கமும் குஞ்சம் வைத்துக் கெட்டியாக நெய்த துண்டை எடுத்துப் போட்டார். பலமாக இழுத்தால் தாங்குமா என்று கேட்டேன். "ரெண்டு எருமையக் கட்டி இழுங்க. கிழிஞ்சா துண்ட எம்மூஞ்சில வீசுங்க," என்று சிரித்தார். ஜோடியாகத்தான் கொடுப்பேன் என்றார். ஜோடியாகவே வாங்கி வந்தேன்.

புதுப் பிளேடை நானே மாட்டினேன். பிளக்கைப் பிடுங்கி, பல்லைப் பார்த்து, மூலைமட்டம் வைத்து, எதிலும் குறை வைக்கவில்லை. மூடியைக் கழுவுவதற்காகக் கழற்றினேன், சந்தனம் பூசிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். இறுக்கியையும் அப்படியே. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்காமல், பொருளை அசைக்காமல் முதல் வெட்டுப் போட வேண்டும் என்று காலையில் நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. சாமி காரியம் என்றால் நம் ஆட்கள் கேள்வி கேட்பதில்லை. அது எனக்குத் தெரியும்.

சின்னண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். அவன் பெண்சாதி வசந்தாமணி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முன் வரிசையில் நின்றாள். நான் துண்டைப் பிரித்து அவன் தோள் இரண்டிலும் போர்த்தி, இரண்டு முனையும் முன்னால் தொங்கும்படி இழுத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எழுந்ததும் முதல் காரியமாக ஆணியைப் பார்த்தான்.

"துண்டக் கழட்டி மாட்டிப்போட்டு வாரேனுங்க மேஸ்திரி."

அவன் சிரிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று அவன் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

"நான் போத்துனத ஒடனே கழட்டலாமா சாமி? முதலாளி பாக்கறாரு. ஒரு வெட்டுத்தான. போடு," என்றேன்.

"மூடிகூட இல்லீங்களே?"

"நாந்தான் சுச்சுக்கிட்ட நிக்கறனே கண்ணு."

நான் நிற்கிறேன் என்றதும் அவன் முகம் தெளிந்தது. இறுக்கி இல்லாததால் இடது கையால் மரத்தைப் பிடித்தான், சரியாக ஒரு சாண் தள்ளி. வலது கையால் கைப்பிடியைப் பிடித்து விசையை அழுத்தினான். பிளேடு முழு வேகம் பிடிக்கும்வரை பொறுத்தான். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றையும் விடவில்லை. குனிந்து இறக்கினான். இடது பக்கத்துக் குஞ்சம் பிளேடில் போய்ச் சிக்கியது.

செங்கோடன் பொய் சொல்லவில்லை. துண்டு கிழியவில்லை. அவனைக் கழுத்தோடு சேர்த்துக் கீழே இழுத்தது. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள இடது கையைக் குறுக்கே கொடுத்தான். அது யாரும் செய்வதுதான். வலது கை பிடியை இறுக்கிக்கொண்டது. நான் முன்பே சொன்னேன் அல்லவா, பயந்த கை விடாது.

என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. விதிப்படி நின்றேன். நான் நினைத்திருந்தால் குஞ்சம் தொட்ட கணத்திலேயே அணைத்திருக்கலாம். ஒரு துண்டு வீணாகியிருக்கும், தாடையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாள் டீ நேரத்தில் அதையும் பலகைமேல் ஏறி நடித்துக் காட்டியிருப்பான். எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். முதலாளி பார்த்தார். வசந்தாமணி பார்த்தாள். பார்த்து முடித்த பிறகு அணைத்தேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். தாடையும் கோணிப்போயிற்று, பேச்சு குழறல். முன்னே மாதிரி ஆட்களின் குரலில் பேச வராது. டீ நேரத்தில் இப்போது பட்டறை அமைதியாக இருக்கிறது, நீங்களே கவனித்திருப்பீர்கள்.

அவனை வாசலில் உட்கார வைத்ததும் என் யோசனைதான். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. நான்தான் மன்றாடி வேலை வாங்கிக்கொடுத்தேன். சுவரில் எழுதிப் போட்டால் நாளடைவில் அழிந்துபோகும், எவனும் படிக்க மாட்டான். இது அழியாது. காலையில் உள்ளே வருகிற ஒவ்வொருவனும் அந்தக் கையைப் பார்த்து, அதன் எதிரே தன் துண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறான். அன்றிலிருந்து ஒருவனும் விதியைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஒரு நகம்கூடப் போகவில்லை. எத்தனை விரல், எத்தனை குடும்பம். ஒரு கைக்கு இது அதிகமா, நீங்களே சொல்லுங்கள்.

வசந்தாமணி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தேங்காய் பழத்தட்டோடு வந்து என் காலில் விழுகிறாள். "நீங்க மட்டும் சுச்ச அமத்தலீன்னா என்ற தாலி அன்னிக்கே போயிருக்குமுங்க. நீங்கதானுங்க எங்களுக்குச் சாமி," என்று அழுகிறாள். நான் தடுப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. அணைத்தது நான்தானே. முதல் வெட்டு மறு வருஷத்திலிருந்து திரும்பவும் எனக்கே வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள், அண்ணே? உட்காருங்கள். காபி ஆறிப்போகிறது. உங்கள் பட்டறையில் இரண்டு பேருக்கு விரல் போயும் மற்றவர்கள் திருந்தவில்லை என்றால் காரணம் எனக்குத் தெரியும். போனது யாரோ இரண்டு பேருக்கு. யாரும் அழுதிருக்க மாட்டார்கள். மறுநாளே மறந்திருப்பார்கள். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த ஜோடியில் இன்னொரு துண்டு என் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, தருகிறேன், எடுத்துப் போங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். உங்கள் பட்டறையில் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்தவன் யார்?