ஹோஸுக்குள் பேண்டேஜ் துணி

கொஞ்சம் உரக்கக் கேளுங்கள், சார். வருடக்கணக்கில் என்ஜின் பக்கத்திலேயே நின்று எனக்குக் காது மந்தமாகிவிட்டது. இந்தக் காது நன்றாக இருந்திருந்தால் இருளப்பசாமி இன்றைக்கு உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

இராஜபாளையத்தில் தனுஷ்கோடி ஷெட் என்றால் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் காப்பாற்றியது அவன்தான். நான் ஸ்பேனர் பிடிப்பேன், அவன் கேட்டுச் சொல்வான். இந்த டர்போ வைத்த டீசல் கார்கள் வர ஆரம்பித்த பிறகு எனக்குப் பிழைப்பே அவன் காதுதான். மிதிக்கும்போது டர்போ விசில் அடிக்கும். அது எப்படி ஏறுகிறது என்று கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும். எனக்கு அந்த விசில் ஒருநாளும் கேட்டதில்லை. இதை அவன் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவு நல்லவன்.

போன தையில், "அண்ணே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு எடம் பாத்திருக்கேன், தனியாப் போடலாம்னு இருக்கேன்" என்றான். "ரொம்ப சந்தோசம்லே" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம், சார். கண் தெரியாதவனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறானே என்று அப்படி ஒரு பயம்.

அவனுக்கு முதல் வண்டி சௌந்தரபாண்டியன் முதலாளியின் கார். பேண்டேஜ் ஃபேக்டரிக்காரர். டர்போவைக் கழற்றி, சரிபார்த்து மாட்டி, ஷெட் திறப்புப் பூஜையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அனுப்பினான். வண்டி அன்றைக்கே சோர்ந்துவிட்டது. கரும்புகை கக்கியது, எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. அவன் ஃபில்டரை மாற்றினான், பம்பைப் பார்த்தான், பிடிபடவில்லை. டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸை மட்டும் பிரிக்கவில்லை. அது அவன் கையால் மாட்டியது. தன் கை மேல் அவனுக்கு நம்பிக்கை.

முதலாளி கோபத்தில் வண்டியை என்னிடம் கொண்டுவந்து விட்டார். பின்னாலேயே இருளப்பசாமியும் வெட்கத்தை விட்டு பஸ் ஏறி வந்தான். நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி ஓடிவந்தார். அவர் மகள் செல்லக்கனிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், ஆம்புலன்ஸ் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

"வண்டி ஓடுமாய்யா?" என்றார்.

"ஓடும், முதலாளி" என்றேன். பொய் இல்லை. ஓடத்தான் செய்தது.

நான் ஓட்டினேன். இருளப்பசாமி பக்கத்தில். பின்னால் செல்லக்கனியும் முதலாளியும். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு சிமெண்ட் லாரி. முந்த முடியவில்லை, இழுவை இல்லை. இருளப்பசாமி என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, செத்த நேரம் நிறுத்துங்க. காத்துதான் போகல. அந்த ஹோஸைக் கழட்டிப் பாத்திருவோம்."

"நேரம் இல்லலே" என்றேன்.

அவள் கத்திக்கொண்டே வந்தாள் என்று பிறகு சொன்னார்கள். உச்சத்தில் போன சத்தம், அந்த டர்போ விசில் மாதிரியே, எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. திருமங்கலம் வந்தபோது வாய் மூடவில்லை, ஆனால் முதலாளி அழ ஆரம்பித்திருந்தார். வயிற்றிலிருந்த பிள்ளையும் தங்கவில்லை.

நேற்று அவன் ஹோஸைக் கழற்றினான். உள்ளே பேண்டேஜ் துணி. எங்கள் ஊர் ஷெட்டுகளில் டர்போவைக் கழற்றினால், குழாயில் தூசி விழாமல் இருக்க ஃபேக்டரியில் கழித்த துணியைச் சுருட்டி அடைப்போம், மாட்டும்போது எடுத்துவிடுவோம். தான் எடுக்க மறந்துவிட்டதாக நம்பி, துணியும் கையுமாக உங்களிடம் வந்துவிட்டான். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் வருவான் என்றிருந்தேன்.

அவன் மறக்கவில்லை, சார். பூஜையன்று எல்லோரும் வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது, நான்தான் பானெட்டைத் திறந்து ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தித் துணியை உள்ளே தள்ளினேன். பிறகு போய்ச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். ரெண்டு நாள் அவன் பெயர் கெட வேண்டும், என்னிடம் திரும்பி வர வேண்டும், அவன் கண் முன்னால் அதை எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். ரோட்டில் நிறுத்தியிருந்தால் அவனே கண்டுபிடித்து, அவனே சரிபண்ணி, நல்ல பெயரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருப்பான். நீங்களே சொல்லுங்கள், நான் எப்படி நிறுத்துவது?

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனை விட்டுவிடுங்கள். ஷெட்டில் ஒரு வண்டி பிரித்தபடி கிடக்கிறது. அவனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், மனசு தாங்க மாட்டான். அண்ணன் உன்னை மன்னித்துவிட்டார், நேராக நம்ம ஷெட்டுக்கே போகச் சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள்.