சுவரில் ஓட்டை போட்டவருக்கு ஒரு வேட்டி

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், மடியில் இருந்த ஜவுளிப் பையைக் காட்டிப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்.

"எங்க கார் ஷெட்டுச் சுவத்துல ஓட்டை போட்டவருக்கு வேட்டிக்கா."

"ஓட்டைக்கா வேட்டி?"

"ஆமாக்கா. வெளிய நிக்குற ஜெனரேட்டர் வயரு முன்னாடியெல்லாம் கதவிடுக்கு வழியாத்தான் ஷெட்டுக்குள்ள இருக்குற மெயின் போர்டுக்கு வந்துச்சு. எலக்ட்ரீசியன் அண்ணாச்சிதான், 'மழையில தண்ணி இறங்கிரும்மா'ன்னு சுவத்தத் துளைச்சு, வெளிப்பக்கம் சரிவா குழாய் சொருகி, சுத்திப் பூசி, மூடியும் மாட்டுனாரு. அடுத்த வாரமே பேய்மழை. மூணு நாளு கரண்ட் இல்ல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அப்ப ஆக்ஸிஜன் மெஷின் ஓடுனாத்தான் மூச்சு."

"ஓடுச்சா?"

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரலக்கா. மெஷின் நிக்கவே இல்ல."

"இப்ப எப்படி இருக்காவ?"

"அந்தா, டிரைவர்கிட்ட வாய் ஓயாம பேசிட்டு வாராவளே, அவுகதான்."