தலைக்குப் பன்னிரண்டு கிலோ

தங்கை: ஐயையோ, அதுல உட்காராதே!

அண்ணன்: ஏன்? மெத்தைதானே?

தங்கை: மெத்தைதான்... வேற ஆளோடது. தைக்க வந்தது. அந்த நாற்காலியில உட்காரு. துணியைத் தள்ளிட்டு உட்காரு.

அண்ணன்: உன் நாற்காலியா? பூரா ஊசி. போன தடவை உட்கார்ந்துட்டு மூணு நாள் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்.

தங்கை: அண்ணா, சொன்னா கேளு. எந்திரி.

அண்ணன்: இரு, இரு. இது என்ன, அசைஞ்சா சரசரங்குது?

தங்கை: பஞ்சு.

அண்ணன்: எந்தப் பஞ்சு சரசரங்கும்?

தங்கை: புதுப் பஞ்சு அப்படித்தான்.

அண்ணன்: கடை கடையா ஏறித் தராசு சோதிக்கிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷம். மூட்டையைக் கண்ணால பார்த்தே எத்தனை கிலோன்னு சொல்லுவேன். என்கிட்டயே பஞ்சுக் கதை விடுறியா? அரிசிடி இது.

தங்கை: மெதுவா பேசு! கீழ் வீட்டுக்காரிக்கு எப்பவும் காது மேலதான்.

அண்ணன்: அந்தத் தலையணை?

தங்கை: எது?

அண்ணன்: கன்னத்துல வச்சா கன்னம் பேர்ந்துடும் போல இருக்கே, அது.

தங்கை: ...பருப்பு.

அண்ணன்: பக்கத்துல இருக்கிறது?

தங்கை: கோதுமை மாவு. அமுக்காதே, தூள் பறக்கும்.

அண்ணன்: கரடி பொம்மையுமா?

தங்கை: சர்க்கரை.

அண்ணன்: அடிப்பாவி! சின்னவன் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவான்?

தங்கை: ரெண்டு நாளா எறும்பு கடிக்குதுன்னு ஒரே அழுகை.

அண்ணன்: சிரிப்பு வருது... ஆனா சிரிக்க முடியல. ஏன்டி, தலையணைக்கு எவளாவது ரெட்டைத் தையல் போடுவாளா? வாசப்படியில இருந்தே தெரியுது. விளிம்புல பட்டி வேற வச்சுத் தைச்சிருக்க.

தங்கை: ஒத்தைத் தையல் போட்டா பிரிஞ்சு கொட்டாதா? அரைகுறையா தைக்க என் கைக்கு வராது.

அண்ணன்: ஒளிச்சு வைக்கிறதுலயும் உனக்கு வேலை சுத்தமா இருக்கணும்.

தங்கை: உன் போன் அடிக்குது.

அண்ணன்: அடிக்கட்டும்.

தங்கை: யாரு?

அண்ணன்: ஆபீஸ். விடு. வேற எங்க எல்லாம் வச்சிருக்க? சொல்லு.

தங்கை: எதுக்கு?

அண்ணன்: தெரிஞ்சாத்தானே ஒரு யோசனை சொல்ல முடியும்? இந்தத் தெருவுக்கு வரப்போறாங்க. உத்தரவு தெரியுமில்ல? தலைக்குப் பன்னிரண்டு கிலோ தானியம். நாலு பேருக்கு நாற்பத்தெட்டு.

தங்கை: எனக்கும் கூட்டல் வரும்.

அண்ணன்: இந்த மெத்தை மட்டும் நாற்பது இருக்கும்.

தங்கை: அதை விடுன்னு சொன்னேன்ல? ஆமா, கேக்குறேன், நான் என்ன கடையா வச்சிருக்கேன்? என் பிள்ளைங்க சாப்பிட வாங்கி வச்சது. என் அடுப்படிக்குள்ள வந்து அளக்க இவங்க யாரு?

அண்ணன்: சும்மா நாள்ல அளக்க முடியாதுதான். பதுக்கல் சட்டம் எல்லாம் வியாபாரிக்குத்தான். வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். இப்ப துறைமுகம் மூடி ஆறு வாரம் ஆச்சு. அவசர நிலைன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டாங்க. அந்தத் தாள் இருக்கிற வரைக்கும் வீடும் கடையும் ஒண்ணுதான். மிஞ்சினதை ரசீது கொடுத்து எடுத்துக்கலாம்.

தங்கை: ரசீதை வேக வச்சா சோறாகுமா?

அண்ணன்: நிலைமை சரியானதும் திருப்பிக் கொடுப்பாங்க.

தங்கை: கொடுப்பாங்க, கொடுப்பாங்க. உலையை ஏத்தி வச்சுட்டுக் காத்திருக்கேன்.

அண்ணன்: வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

தங்கை: மூணு வருஷம் முன்னாடி என்ன சொன்னாங்க? ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு மாசத்துக்கு உணவு சேர்த்து வைங்கன்னு நோட்டீஸ் ஒட்டல? என் கதவுல ஒட்டினது யாரு? நீதானே? பசை கூட என் வீட்டு மாவுல காய்ச்சின.

அண்ணன்: அது அறிவுரை. இது உத்தரவு.

தங்கை: நல்லா இருக்கே! சேர்த்து வைன்னு சொன்னதும் நீங்க, சேர்த்து வச்சவ திருடின்னு சொல்றதும் நீங்க.

அண்ணன்: யாரும் திருடின்னு சொல்லல.

தங்கை: வேற எப்படிப் பார்ப்பாங்க? பின் தெரு மேஸ்திரி வீட்டுல நேத்து அலமாரி எல்லாம் கவுத்துப் போட்டுப் பார்த்தாங்களாம். அவர் பொண்ணோட பள்ளிக்கூடப் பையைக் கூட விடல.

அண்ணன்: அது வேற குழு.

தங்கை: பாலம் உடைஞ்ச வருஷம் ஞாபகம் இருக்கா? பதினோரு நாள் ஒரு லாரி வரல. பெரியவளுக்கு அப்ப நாலு வயசு. பசிக்குதுன்னு சொல்லக் கூட அவளுக்குத் தெம்பு இல்ல, அண்ணா. சர்க்கரைத் தண்ணியைக் கொடுத்துக் கொடுத்துத் தூங்க வச்சேன். அன்னைக்கு எவன் தராசோட வந்தான்?

அண்ணன்: ...தெரியும். எனக்குத் தெரியாதா?

தங்கை: தெரிஞ்சும் பேசுறியே.

அண்ணன்: இப்ப நான் பார்க்கிறது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில நேத்து ஒரு வேளைதான் சாப்பாடு போட்டாங்க. முதியோர் இல்லத்துல நாற்பத்தி மூணு பேர். தட்டை மடியில வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எடை போட வந்தீங்களா? என்னை எடை போடுங்க"ன்னார். அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. அவங்க எங்க போய் அரிசியைத் தலையணையில தைப்பாங்க?

தங்கை: அதுக்கு நான் என்ன பண்ண? கேட்டா கொடுக்க மாட்டேனா? ரெண்டு படி, மூணு படி வாசல்ல வந்து கேட்டா அள்ளிக் கொடுப்பேன். உள்ள வந்து பிடுங்கினா எப்படி?

அண்ணன்: கேட்டுப் பார்த்தாச்சு. ரெண்டு வாரம் தெருத்தெருவா கேட்டோம். எத்தனை கிலோ சேர்ந்தது தெரியுமா? ஒன்பது.

தங்கை: மறுபடியும் போன்.

அண்ணன்: அடிச்சுட்டுப் போகுது.

தங்கை: எடுத்துப் பேசேன். தலை போற காரியமா இருக்கப் போகுது.

அண்ணன்: தண்ணி கொடு.

தங்கை: இந்தா. ஏன் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருக்க? ஒரு இடத்துல நில்லு, எனக்குத் தலை சுத்துது.

அண்ணன்: புழுக்கமா இருக்கு.

தங்கை: மாடிப்படி ஏறி வந்தப்பவே உன் முகம் சரியில்ல. அண்ணி ஏதாவது சொன்னாங்களா?

அண்ணன்: அவ என்ன சொல்லப் போறா, பாவம்.

தங்கை: தள்ளு, நானும் பார்க்கிறேன்...

அண்ணன்: அங்க ஒண்ணும் இல்ல.

தங்கை: கீழ ஒரு லாரி நிக்குது.

அண்ணன்: தெருன்னா லாரி நிக்காதா?

தங்கை: பக்கத்துல ரெண்டு பேர் நிக்கிறாங்க. பெரிய தராசு இருக்கு... அண்ணா, ஒருத்தன் இங்கதான் பார்க்கிறான். கையில போனை வச்சுக்கிட்டு.

அண்ணன்: என் லாரிதான்.

தங்கை: அப்ப யோசனை சொல்லணும்னு கேட்டது?

அண்ணன்: நீயா எடுத்துக் கொடுத்தா "தானா முன்வந்து கொடுத்தாங்க"ன்னு எழுதிடலாம். வழக்கு கிடையாது, ஒரு அவமானமும் கிடையாது. நான் கண்டுபிடிச்சேன்னு எழுதினா உனக்குக் கெட்ட பேரு. அதான் அவங்களைக் கீழ நிறுத்திட்டு முதல்ல நான் மட்டும் வந்தேன்.

தங்கை: இந்தத் தெருவுல நூத்திப் பத்து வீடு இருக்கு. முதல் வீடு என் வீடா? யார் எழுதிக் கொடுத்தாங்க?

அண்ணன்: நான்தான்.

தங்கை: நீயா?

அண்ணன்: கூட்டத்துல எந்திரிச்சு நான்தான் சொன்னேன். சோதனை போடுறவன் சொந்த வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும், அப்புறம் கூடப் பிறந்தவங்க வீடு, அதுக்கப்புறம்தான் ஊர் வீடுன்னு. இல்லன்னா ஜனங்க காறித் துப்ப மாட்டாங்களா? சொந்தத் தங்கச்சியைத் தொட மாட்டான், ஊரானைத் தொடுவான்னு?

தங்கை: ஊர் துப்பக் கூடாதுன்னு நான் துப்பணுமா?

அண்ணன்: துப்பிக்கோ.

தங்கை: உன் வீட்டை எடை போட்டாங்களா?

அண்ணன்: நேத்து காலையில. எல்லார் முன்னாடியும். அஞ்சு பேருக்கு அறுபது கிலோ வச்சுக்கலாம். ஐம்பத்தி எட்டுதான் இருந்தது. பேத்திக்குப் பால்மாவு ரெண்டு டின். அதுதான் வரம்பு, சரியா ரெண்டே ரெண்டு. பக்கத்து வீட்டுக்காரங்க கை தட்டினாங்க. உங்க அண்ணி கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? ஏன் அப்படிப் பார்க்கிற?

தங்கை: ஒண்ணுமில்ல. தலையணை ரெண்டையும் எடுத்துக்கோ.

அண்ணன்: என்ன?

தங்கை: கரடியையும் எடுத்துக்கோ. தானா முன்வந்து கொடுத்தாங்கன்னு எழுதிக்கோ. அடுப்படியில மேல் பலகையில எண்ணெய் ரெண்டு டப்பா கூடுதலா இருக்கு. அதையும் எடுத்துக்கோ. மெத்தையை மட்டும் விட்டுடு.

அண்ணன்: மெத்தையிலதான் நாற்பது கிலோ இருக்கு!

தங்கை: அது என்னோடது இல்லன்னு வந்ததுல இருந்து சொல்றேன்ல?

அண்ணன்: பின்ன யாரோடது?

தங்கை: தைக்கக் கொடுத்தவங்களோடது. வாக்குக் கொடுத்திருக்கேன். கேக்காதே.

அண்ணன்: ஊரான் அரிசிக்கு நீ காவலா? மாட்டினா உன் பேர்லதான் எழுதணும், புரியுதா? கத்திரிக்கோல் எங்க?

தங்கை: அண்ணா, வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

அண்ணன்: என் நல்லதுக்கா? நல்லா இருக்கு. நகரு.

தங்கை: கீழ இருக்கிறவங்ககிட்ட அந்த வீட்டுல அவ்வளவுதான்னு சொல்லிட்டுப் போயிடு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

அண்ணன்: உனக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு எந்த முகத்தோட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்? நகருன்னு சொல்றேன்ல... அப்பா, என்னா தையல்டா இது! இரும்பு மாதிரி... ம். வந்துடுச்சு. அரிசி. பார்த்தியா, நான் சொல்லல? இது என்ன, நடுவுல டின் மாதிரி... பால்மாவு. ஒண்ணு... ரெண்டு... மூணு... ஒன்பது டின் இருக்கு. கைக்குழந்தைக்குக் கொடுக்கிறது. உன் சின்னவனுக்கு ஒன்பது வயசு. யாரு வீட்டுல கைக்குழந்தை?

தங்கை: கேக்காதேன்னு சொன்னேன்ல?

அண்ணன்: சொல்லித் தொலை. யாரு கொண்டு வந்து வச்சது?

தங்கை: அண்ணிதான். நாலு நடையா, துணி தைக்கக் கொடுக்கப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுக் கொண்டு வந்து வச்சாங்க. "யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, உங்க அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது, அவர் ரொம்ப நல்லவர்"னு சொல்லி அழுதுட்டுப் போனாங்க.