வெள்ளிக்கிழமை அவிச்ச போத்தல்

ஐயோ தங்கச்சி, பஸ் குலுக்குற குலுக்கில அந்தப் பையில காலை வைச்சிடாதேங்கோ, கண்ணாடி. இஞ்சால தாங்கோ, மடியில வைக்கிறன். பிள்ளைக்குச் சூப்பிப் போத்தல், மூண்டு. உடையாமல் கொண்டுபோய்ச் சேத்திடோணும், நாளைக்கு இதிலதான் பால் குடுக்கிறது. ஓம், கண்ணாடியிலயும் இருக்கு. எனக்கும் போன கிழமைதான் தெரியும். என்.சி. ரோட்டில ஒரு கடை விடாமல் ஏறி, எல்லாப் போத்தலையும் கவுட்டு அடியைப் பாத்தன். பாஹிம் நானா எண்டு ஒரு கடைக்காரர், அக்கா நீங்க போத்தல் வாங்க வந்தீங்களா, மீன் வாங்க வந்தீங்களா எண்டு கேட்டுப்போட்டார். பிறகு பாவம், ஏணி வைச்சு மேல்தட்டில ஏறி, தூசி தட்டி இதை எடுத்துத் தந்தவர்.

பிள்ளைக்கு எத்தின மாசமோ? சொல்லுறன், பொறுங்கோ. முதல் இந்தக் கதையைக் கேளுங்கோ.

எங்கட மிட்வைஃப் மிஸ் லக்சனா போன கிழமை வீட்டுக்கு வந்தவ. நான் பெருமையா அலுமாரியைத் திறந்து, வைச்சிருந்த போத்தலைக் காட்டினன். ஆறு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடு கழுவி, விளக்கு மினுக்கி, அதோட இந்தப் போத்தலையும் கொதிதண்ணியில போட்டு அவிச்சு எடுத்து வைக்கிறனான். அவ கவுட்டுப் பாத்தா. அடியில ஒரு முக்கோணம், அதுக்குள்ள ஏழு எண்டு பிளாஸ்டிக்கின்ர வகை நம்பர். இது பழைய சாதிப் பிளாஸ்டிக் அக்கா, நீங்கள் அவிச்சு அவிச்சே மங்கிப்போச்சு, சூட்டுக்கு இதில இருக்கிற கெமிக்கல் பாலுக்க இறங்கும், எறியுங்கோ எண்டிட்டா. சுத்தம் எண்டு நான் பாத்த வேலையைப் பாருங்கோவன்.

எங்கட இவர், வல்லிபுரம், கடலுக்குப் போறவர். வெயில்ல கிடந்த நைலோன் வலை இழுக்க இழுக்கப் பிஞ்சு கையோட வரும், இதுவும் அப்பிடித்தான் எண்டு உடன விளங்கிட்டார். அண்டைக்குப் பிடிச்சுது அவருக்கு விசர். குசினியில இருக்கிற டப்பாவெல்லாம் கவுட்டு நம்பர் பாக்கிறார். மிளகாய்த்தூள் டப்பாவைத் தலைக்கு மேல தூக்கிப் பாத்தார், மூடி சரியாப் பூட்டேல்ல. எல்லாம் தலையில. ரெண்டு பேரும் தும்மித் தும்மிச் சிரிச்சம். அந்த வீட்டில அப்பிடிச் சிரிச்சுக் கனகாலம் தங்கச்சி.

போத்தலே வேண்டாம், கோப்பையும் கரண்டியும்தான் நல்லதெண்டும் மிஸ் சொன்னவ. அதுவும் வாங்கிட்டன். எண்டாலும் போத்தல் இல்லாமல் எனக்கு ஏலாது.

ஆ, சாம்பல்தீவுச் சந்தி வந்திட்டுது, இறங்கோணும். நாலு மாசம் தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளை. நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டில எங்கட கையில தருவினம். ஓம், தத்தெடுக்கிறம். ஆறு வருசத்துக்கு முந்தியும் ஒரு பிள்ளை தாறதெண்டு சொன்னவை, அதுக்குத்தான் அந்தப் போத்தல் வாங்கினது. கடைசி நாள் பெத்த தாய் தானே வளக்கிறன் எண்டிட்டா. அவவில என்ன பிழை?

அதில ஒரு சொட்டுப் பாலும் ஊத்தினதில்ல. வெறும் போத்தலைத்தான் அவிச்சனான். இன்னும் எறியேல்ல, அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் ஏறினாப் பிறகு எறிவன். இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ, நான் இறங்கினாப் பிறகு தாங்கோ, மெதுவா.