கராஜ் தரையில் ஏழு கால்தடம்

பெயின்ட் டப்பாவுல எழுதியிருக்கிறதை யாரும் படிக்கிறதில்லை சார். நான் படிப்பேன். நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்றேன். ஆனா தரையிலேர்ந்து ஆரம்பிச்சாதான் உங்களுக்குப் புரியும்.

எங்க கராஜ் தரை வெறும் சிமென்ட். அது மேல என் மச்சானோட ஓட்டைக் கார் எட்டு மாசமா எண்ணெய் ஒழுக்கிட்டு நின்னுச்சு. மச்சான்னா என் மனைவியோட அண்ணன். பத்து நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தவர், கராஜுக்குப் பின்னாடி இருக்கிற ரூம்லயே பாயைப் போட்டுட்டார். அந்த ரூமுக்கு ஒரே கதவு. அது கராஜுக்குள்ளதான் திறக்கும். ஜன்னல்ல கம்பி இருக்கு, திருடன் வரக் கூடாதுன்னு நான் போட்டது.

வீட்டைப் புதுப்பிச்சப்போ கராஜை மட்டும் நானே எடுத்துக்கிட்டேன். ஆள் வச்சுக்கலாமேன்னு மனைவி சொன்னா. வர்ற ஆளுங்க எல்லாம் அவசரக் குடுக்கைங்க. எண்ணெய்க் கறையை நாலு தடவை தேய்ச்சேன். தண்ணி தெளிச்சா அது முத்து முத்தா நிக்கக் கூடாது, சிமென்ட் குடிச்சிடணும், அதுதான் கணக்கு. அப்புறம் கிரைண்டர் பிடிச்சு மேலாப்புல உரசி, விரிசலை அடைச்சு, தூசியெல்லாம் உறிஞ்சி எடுத்தேன். மூணு வாரம் லீவு நாள் முழுக்க முட்டி போட்டே கழிஞ்சுது. கடைசியா எபாக்ஸி, கண்ணாடி மாதிரி இறுகிக்கிற தரை பெயின்ட். ரெண்டு டப்பாவைக் கலந்து, கெட்டியாகறதுக்குள்ள ரோலரால இழுத்துவிடணும். ஈரத்துல நடக்கணும்னா அதுக்குன்னே ஆணி வச்ச செருப்பு இருக்கு. அதைக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் வரைக்கும் நடக்கலாம், ஆணி குத்தின ஓட்டை தானா மூடிக்கும். அதுக்கப்புறம் இருபத்து நாலு மணி நேரம் யாரும் காலை வைக்கக் கூடாது.

மச்சான் நாலாவது மணி நேரத்துல காபி தேடி வந்தார். வெறுங்காலோட ஏழு தடம். "என்ன மாப்ள, தரை பிசுபிசுன்னு இருக்கே"ன்னார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிச்சா. வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. "எங்க அண்ணன்தானே, போனாப் போகுது, விடுங்க"ன்னா. நானும் சிரிச்சேன்னுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாசம் எல்லாத்தையும் உரசித் தள்ளிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை முன்கூட்டியே பேசிட்டேன். "மச்சான், இனிமே ஒரு விரல் பட்டாலும் அன்னைக்கே பெட்டியைக் கட்டிக்கங்க." பாவம், வேலையும் இல்லை, போக்கிடமும் இல்லை. தங்கச்சி தலையில கை வச்சு, மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினார். வாசனை ஆகாதுன்னு மனைவி சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. மச்சான் ரூம்ல ரெண்டு பாட்டில் தண்ணி, ரொட்டி, வாழைப்பழம் எல்லாம் நானே வாங்கி வச்சேன். என்னைக் கொடுமைக்காரன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க. போனைத்தான் அவர் ஹால்ல சார்ஜ் போட்டு மறந்துட்டார்.

காலையில பதினொரு மணிக்கு வேலை முடிஞ்சுது. ஷட்டர் பக்கம் நின்னு அழகு பார்த்துட்டிருந்தேன். பத்து நிமிஷத்துல எதிர்ப் பக்கம் மச்சான் ரூம் கதவு திறந்துச்சு.

"மாப்ள, நெஞ்சைப் பிடிக்குது. இடது கை மரத்துப் போச்சு."

"கேஸா இருக்கும் மச்சான். தண்ணி குடிச்சிட்டுப் படுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மாப்ள. நான் அந்தப் பக்கம் வந்துடவா?"

கேட்டார் சார். எட்டு மாசத்துல ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட என்னைக் கேட்டதில்லை. நாளைக்குப் பதினொரு மணிக்கு வரலாம்னு சொன்னேன்.

நான் ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷமா ஜனங்களை உக்காருங்கன்னு சொல்லித்தான் சம்பளம் வாங்கறேன். நெஞ்சு வலின்னு வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு வெறும் வாயு. மிச்சம் ஒருத்தரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன். மச்சான் முகம் அந்த ஒருத்தர் முகம்தான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமேன்னு உங்க ஆள் ஒருத்தர் கேட்டார். ஆம்புலன்ஸ்காரங்க ஷூ போட்டுக்கிட்டு வருவாங்க. ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் வேற இருக்கு. ஆனா நான் அவரைத் தனியா விடலை. ஷட்டர்கிட்ட சேர் போட்டு உக்காந்து, அப்பப்போ பேச்சுக் கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன். அவர் வாசப்படியில உக்காந்து, கால் ரெண்டையும் உள்பக்கமா மடக்கி வச்சிருந்தார். பெருவிரல்கூட வெளியே நீட்டலை. "தங்கச்சிகிட்ட சொல்லிடு மாப்ள, நான் மிதிக்கலைன்னு"ன்னார். கட்டாயம் சொல்றேன்னேன், சொல்லவும் செஞ்சேன். ஒரு மணி வாக்குல அவர் பேச்சு நின்னுச்சு. மறுநாள் பதினொன்னு அடிச்சதும் உங்க ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். ஒரு நிமிஷம் தாமதிக்கலை.

என் மனைவி இப்போ எங்கிட்டப் பேசறதில்லை. அது கோபம், ஆறிடும். தரையைப் பார்த்தா அவளுக்கே புரியும். நீங்களும் பார்த்தீங்களே, ஒரு தடம் இருந்துச்சா?

இப்போ நீங்க மறுபடி மறுபடி கேக்கிறதுக்கு வர்றேன். அவர் கதவைத் திறந்தப்போ என் காலில என்ன இருந்துச்சுன்னுதானே? ஆணிச் செருப்புதான். நான் இன்னும் கழட்டலை. தரையில அப்போதான் ரோலர் இழுத்தது, அரை மணியில இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்துச்சு. எனக்கும் அவருக்கும் நடுவுல ஏழு கால்தடம் தூரம். போய்த் தூக்கிட்டு வந்திருந்தா அவரும் பிழைச்சிருப்பார், தரைக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. இது எனக்கு அப்பவே தெரியும், எழுதிக்கங்க.

ஏன் போகலைன்னா, அந்த மனுஷன் வாழ்க்கையிலேயே முதல் தடவையா நான் சொன்னதைக் கேட்டு உக்காந்திருந்தார் சார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை.